மிராசுதார் வீட்டு டெக்

டெக் மாட்டுகிற தொழில் என்பது, அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, டிவிக்குப் பின்னால் மண்டி போட்டிருக்கிற தொழில். உங்களில் யாராவது ஒரு நாளாவது அந்த இடுக்கில் தலையை விட்டு, மூக்கில் ஒட்டடை ஏற, "வந்துச்சா? இப்ப வந்துச்சா?" என்று கத்தியிருந்தால் நீங்கள் என் பங்காளி. முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் "வந்துச்சு, வந்துச்சு, போச்சு" என்பார்கள். எது வந்தது, எது போனது என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

பாபநாசம் கடைத்தெருவில் ஜமால் பாய் கடையில் நான் மெக்கானிக்காக இருந்தேன். டெக் என்றால் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வீடியோ கேசட்டை உள்ளே தள்ளினால் டிவியில் படம் காட்டுகிற பெட்டி. துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் வரும். வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் சரி, சொந்தமாக வாங்கியவர்களுக்கும் சரி, மாட்டிக் கொடுப்பது நான். எந்த வீட்டுக்குப் போனாலும் டிவியின் எட்டாவது பட்டனை டெக்குக்கென்று ஒதுக்கித் திருப்பி வைப்பேன். சுற்று வட்டாரம் முழுக்க ஒரே பட்டன். படம் வரவில்லை என்று யாராவது கடைக்கு ஓடிவந்தால், "எட்டை அழுத்துங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம், சைக்கிள் மிதிக்க வேண்டாம்.

பாய் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார். "வயரை மாட்டுனோமா, டீயைக் குடிச்சோமான்னு வந்துடணும். வீட்டு விவகாரம் நமக்கு வேணாம்." அந்தச் சட்டத்தை நான் மீறினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாம் ஒரே வீட்டில் நடந்தவை. ஊர்ப் பேர் வேண்டாம். அந்த வீட்டில் இன்னும் எனக்குக் காப்பி கொடுக்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

கொடிக்கம்பத்தைவிட ஒரு அடி

அப்போது எங்கள் பக்கம் இலங்கை டிவிதான் ஓரளவு தெளிவாக விழும். அதற்கு நாற்பதடி இரும்புப் பைப்பை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்ட வேண்டும். மிராசுதார் வீட்டுக்குப் போன முதல் நாள் அவர் எனக்குக் காட்டியது டிவியை அல்ல, தெருமுனையை. அங்கே விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடிக்கம்பம் நின்றுகொண்டிருந்தது. "அதைவிட ஒரு அடியாவது உசரமா இருக்கணும் தம்பி. படம் தெரியறது அப்பறம்" என்றார். உச்சவரம்புச் சட்டத்தில் நிலத்தில் பாதி போய்விட்டது, மிராசுதார் என்கிற பேர் மட்டும் குறையாமல் மிச்சம் இருந்தது. அதற்கேற்ற கம்பம் வேண்டும் அல்லவா? நாற்பத்தாறு அடி வந்தது.

அதைத் தூக்கி நிறுத்த நான் ஒருத்தன் போதாது. "கலியமூர்த்தியை வரச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார். கலியமூர்த்தி யாரென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் இழப்பதற்கு ஏதாவது வைத்திருந்தவர் அவர் மட்டும்தான். வாய்க்கால்கரையில் மிராசுதாருக்குச் சொந்தமான மூன்று மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, இருபது வருஷமாகக் குத்தகைக்கு உழுதவர். அறுவடைக்கு அறுவடை நெல் அளந்தாரே தவிர, ஒரு துண்டுச் சீட்டு வாங்கியதில்லை. குத்தகைக்காரர் என்று தாலுகா ஆபீசில் பதிந்துவிட்டால் எளிதில் வெளியேற்ற முடியாது என்று கேள்விப்பட்டு மனுக் கொடுத்தார். மிராசுதார், "அவன் குத்தகைக்காரனே இல்லை, என்னிடம் கூலிக்கு உழுதவன்" என்று பதில் மனுக் கொடுத்தார். கூலி ஆள் என்று முடிவானால் நிலம் போயிற்று. வேறு நிலம் கிடையாது, வீட்டில் மூன்று பெண்கள்.

இந்த நிலைமையில் கம்பம் பிடிக்க எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். வந்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "ஐயா, வெசாரணை என்னிக்குன்னு உங்களுக்குக் கடுதாசி வந்துச்சுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். மிராசுதார் ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்தபடியே சொன்னார்: "கேஸு கேஸா இருக்கட்டும், நீ கம்பத்தைப் புடி."

தேக்கு அலமாரி

அந்த வீட்டு டிவி ஒரு தேக்கு அலமாரிக்குள் இருந்தது. கதவு உண்டு, பூட்டு உண்டு, சாவி மிராசுதாரம்மா இடுப்பில் உண்டு. பின்பக்கம் மட்டும் ஒரு விரல் நுழைய வழி கிடையாது. டெக்கிலிருந்து வருகிற வயர் டிவியின் முதுகில் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பின்பலகையில் ஒரு ஓட்டை போட வேண்டும் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அவர்கள் முதுகிலேயே ஓட்டை போடக் கேட்டுவிட்டேனோ என்று பயந்துபோனேன். அது அவர்கள் அப்பா கொடுத்த சீர்.

கடைசியில் எல்லா வயரையும் முன்பக்கமாகவே இழுத்து வெளியே விட்டேன். கதவு மூடவில்லை. அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்துவிட்டு எனக்கு ஒரு வழி சொன்னார்கள். "டிவி உள்ளயே இருக்கட்டும் தம்பி, பூட்டிடுறேன். நீங்க படத்தை மட்டும் வெளியில எடுத்து வெச்சுடுங்க."

சந்தனப் பொட்டு

டெக்கை அனுப்பியவர் மஸ்கட்டில் இருக்கும் மூத்த மாப்பிள்ளை. ஆகவே அதை நல்ல நேரம் பார்த்துத்தான் போட வேண்டும். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, கதிர் அரிவாள், டிராக்டர் எதையும் விடாமல் பொட்டு வைக்கிற வீடு அது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, முன்பக்க மூடியைத் திறந்து, உள்ளே வரிசையாக இருந்த சின்னச் சின்னப் பட்டன் ஒவ்வொன்றின் மேலும் குழைத்து அப்பினார்கள். மேலே ஒரு செவ்வந்தி.

மறுநாளே "டெக் மக்கர் பண்ணுது" என்று ஆள் வந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்துத் துடைத்து எல்லாப் பட்டனையும் உயிர்ப்பித்தேன், கோடியில் இருந்த ஒன்றைத் தவிர. அது சிமென்ட் வைத்த மாதிரி இறுகிவிட்டது. கேசட்டில் படத்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் அழிப்பதற்கான பட்டன் அது. அதை யார் எப்போது அழுத்தப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். "பட்டனுக்கெல்லாம் எதுக்கும்மா சந்தனம்?" என்று கேட்டதற்கு, அந்த அம்மாவுக்கு என் அறியாமை மேல் பரிதாபமே வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதுக்கு மட்டும் வெக்காம விட்டா, அது கோவிச்சுக்காதா தம்பி?"

சுருங்கிய படம்

குறுவை நடவு நேரம். ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமானதால் ஊரில் எல்லா மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. கரன்ட் இறங்கிவிட்டது. டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கி, சுற்றிலும் கறுப்புக் கரை கட்டி, நடுவில் தீப்பெட்டி அளவுக்குக் கதாநாயகன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஸ்டெபிலைசரை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் மிராசுதார், வாய்க்கால்கரை மோட்டாரை நிறுத்தச் சொல்லி கலியமூர்த்திக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

கலியமூர்த்தி முழங்கால் சேற்றோடு வந்து வாசல்படிக்கு வெளியே நின்றார். கொஞ்ச நேரம் அந்தத் தீப்பெட்டிச் சண்டையைப் பார்த்தார். என்னையும் ஸ்டெபிலைசரையும் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார். மோட்டார் அன்றைக்கு நிற்கவில்லை. "படம் சுருங்குனா இவரு மிஷினைத் தூக்கிட்டு வந்து விரிச்சுக் குடுக்கிறாருங்க ஐயா. நாத்து சுருங்குனா யாருங்க வருவா?"

குனியாத வம்சம்

இலங்கை டிவி பார்க்க வேண்டுமென்றால் ஆன்டெனா வயர் டிவியில் இருக்க வேண்டும். டெக் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பிடுங்கிவிட்டு டெக் வயரைச் சொருக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு அலமாரிக்குள் கையை விட்டு டிவிக்குப் பின்னால் ஒரு தடவை குனிந்தால் போதும். மிராசுதார் குனிய மாட்டார், ஆறு மைல் தாண்டி என்னைக் குனிய வைப்பார். ஆன்டெனா வயர், டெக் வயர், டிவிக்குப் போகிற வயர் மூன்றையும் நிரந்தரமாக ஒன்றாகச் சேர்த்துவிடச் சொன்னார். "அப்படிச் செய்யக் கூடாதுங்க. டெக்குல ஓடுற படம் ஆன்டெனா வழியா வெளியிலயும் போகும்" என்றேன். "வெளியில போயி என்ன பண்ணப்போவுது?" என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தொழிலில் எனக்கும் ஒரு வம்சம் இருக்கிறது.

அடுத்த தடவை போனபோது, அலமாரிக்கு முன்னால் தொங்கிய மூன்று வயரையும் அவரே நாற்காலியில் உட்கார்ந்தபடி கயிறு திரிக்கிற மாதிரி ஒன்றாக முறுக்கி வைத்திருந்தார். இலங்கையும் தெரிந்தது, டெக்கும் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வம்சத்துல யாரும் ஒரு பொட்டிக்குப் பின்னால குனிஞ்சதில்ல தம்பி. இப்ப ரெண்டும் வருதா இல்லையா, சொல்லு!"

இருமல்

அந்த வருஷம் மிராசுதாரின் மகனுக்குக் கல்யாணம். வழக்கு நடந்தாலும் பத்திரிகை கொடுத்திருந்தார்கள். கலியமூர்த்தியும் தன் பங்குக்கு ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு போனார். மஸ்கட் மாப்பிள்ளை கையோடு கொண்டுவந்த காமிராவில் எல்லாவற்றையும் பிடித்தார். பாட்டுச் சேர்க்கவில்லை, வெட்டி ஒட்டவில்லை, கல்யாணத்தில் யார் என்ன பேசினார்களோ அது அப்படியே கேசட்டில் இருந்தது.

முதல் தடவை கேசட்டைப் போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். கூடம் நிறைய சனம். நடுவில் ஒரு காட்சி. வாழைத்தாரோடு கலியமூர்த்தி வருகிறார். மிராசுதார் சந்தோஷத்தில் அவர் தோளில் கை போட்டு, சம்பந்தியிடம் சொல்கிறார்: "இவன்தான் நம்ம கலியமூர்த்தி. வாய்க்கால்கரை மூணு மாவை இருபது வருஷமா குத்தகைக்குப் பண்றான். ஒரு போகம் நெல்லு அளக்கத் தவறுனதில்ல." கூடத்தில் உட்கார்ந்திருந்த மிராசுதார் முகம் வெளுத்துவிட்டது. தாலுகா ஆபீசில் இல்லை என்று எழுதிக் கொடுத்ததை இங்கே தன் வாயாலேயே ஆமாம் என்கிறார்! நல்லவேளை, அன்றைக்குப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் கல்யாணக் கேசட்டை யார் ஒரு தடவையோடு விடுகிறார்கள்? வருகிற உறவெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. மிராசுதார் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். வாழைத்தார் திரையில் தலைகாட்டியதும் இருமத் தொடங்குவார். சாதாரண இருமல் இல்லை, களத்தில் நெல் கொத்துகிற காக்காய் எழுந்து பறக்கிற இருமல். "தவறுனதில்ல" முடிந்ததும் சுவிட்ச் போட்ட மாதிரி நின்றுவிடும். மூன்றாவது தடவை சம்பந்தி நிஜமான கவலையோடு கேட்டார்: "சம்பந்தி, உங்களுக்கு எப்பவுமே வாழைத்தாரைப் பாத்தாத்தான் இருமல் வருதா?"

முந்தானை

இருமி இருமித் தொண்டை கட்டிப்போய், ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிடச் சொன்னார். கத்தரியையும் அவரே எடுத்து வைத்திருந்தார். கேசட்டைத் திறக்கப் போனேன், அம்மா வந்துவிட்டார்கள். "தொடாதீங்க தம்பி. மூணு மணி நேரக் கேசட்டுல என் புடவை முந்தானையோட முழுசா விழுந்தது அந்த ஒரு இடத்துலதான். மத்த எடத்துல எல்லாம் யார் தலையாவது மறைக்குது." கலியமூர்த்தி வருகிற காட்சியில் மிராசுதாருக்குப் பக்கத்தில் அம்மா தலைமுதல் கால்வரை நின்றுகொண்டிருந்தது வாஸ்தவம்தான். கத்தரி திரும்ப அலமாரிக்குள் போய்விட்டது.

மிராசுதார் விடவில்லை. "படம் இருக்கட்டும், பேச்சை மட்டும் அழிக்க முடியாதா?" என்றார். கோடிப் பட்டனைக் காட்டி, சந்தனம் இறுகி அழுந்த மாட்டேன் என்கிறது என்றேன். அது பொய்யில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருந்தால் வந்திருக்கும், அதுவும் பொய்யில்லை. வாசல்படிக்கு வெளியே சேற்றுக் காலோடு நின்ற ஆளின் முகம் ஞாபகம் வந்தது. நான் நெம்பவில்லை. "அப்ப நான் ஆயுசுக்கும் இருமிக்கிட்டே இருக்கணுமா?" என்று மிராசுதார் கத்தினார். அம்மா நிதானமாகச் சொன்னார்கள்: "இருமுங்க. கசாயம் வெச்சுத் தர்றேன்."

எட்டாவது பட்டன்

விசாரணை நாள் வந்தது. தாலுகா ஆபீசிலிருந்து ஆர்.ஐ., அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டர், நேரில் விசாரிக்க பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்திருந்தார். அந்தக் கட்டடத்துக்கும் மிராசுதார் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு வேலிதான். அங்கே சர்க்கார் கொடுத்த டிவி ஒன்று உண்டு, பொங்கலுக்கு அதில் வாடகை டெக் மாட்டிக் கொடுத்ததும் நான்தான். ஆர்.ஐ.க்குக் கிரிக்கெட் பைத்தியம். அன்றைக்கு இலங்கை டிவியில் மேட்ச் போடுகிறார்களாம், படம் வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் டெக் மாட்டிக்கொண்டிருந்த என்னைப் பஞ்சாயத்து கிளார்க் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆக, நான் வழக்கம்போல எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு டிவியின் பட்டன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விசாரணை என் முதுகுக்குப் பின்னால் நடந்தது.

"குத்தகைன்னு சொல்றீங்களே, சீட்டு இருக்கா?" "இல்லீங்க." "சாட்சி?" "ஊரே சாட்சிங்க." ஆர்.ஐ. கூட்டத்தைப் பார்த்து, "யாராவது சொல்றீங்களா?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் மிராசுதார் வயலில் வேலை இருந்தது. கலியமூர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார், முகங்கள் தரையைப் பார்த்தன. என் காதே சுட்டது. "அப்ப நான் என்னத்தைப்பா எழுதறது?" என்று ஆர்.ஐ. பேனாவை மூடினார். மிராசுதார் இன்னும் வரவில்லை. அவருக்கு வீட்டில் ஒரு வேலை இருந்தது. ஒரத்தநாட்டிலிருந்து மிராசுதாரம்மா வழி உறவு வந்து, அந்தக் காலை நேரத்தில் கல்யாணக் கேசட்டைப் போடச் சொல்லிவிட்டார்களாம். வாழைத்தார் தாண்டுகிறவரைக்கும் மனிதர் எழுந்து வர முடியுமா?

நான் ஒன்று, இரண்டு என்று பட்டனை அழுத்திக்கொண்டே வந்தேன். ஏழுவரை வெறும் புள்ளிமழை. எட்டை அழுத்தினேன். நாயனம் கேட்டது. பட்டு வேட்டியில் மிராசுதார், பக்கத்தில் முந்தானையோடு அம்மா. "அடேய், நம்ம ஐயா இலங்கை டிவியில வர்றாருடா!" என்று யாரோ கத்த, தரையைப் பார்த்த முகங்கள் எல்லாம் நிமிர்ந்தன. வாழைத்தார் வந்தது. தோளில் கை விழுந்தது. "வாய்க்கால்கரை மூணு மாவை இருபது வருஷமா குத்தகைக்குப் பண்றான். ஒரு போகம் நெல்லு அளக்கத் தவறுனதில்ல." வேலிக்கு அந்தப் பக்கம், வயரை முறுக்கி ஆன்டெனாவில் படத்தை ஏற்றிவிட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்து, மிராசுதார் அந்த நேரத்தில் உயிரைக் கொடுத்து இருமிக்கொண்டிருந்திருப்பார். இங்கே கணீரென்று கேட்டது. கலியமூர்த்தி அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு ஒட்டடை மேல் பழி போட முடியாது.

ஐந்து நிமிஷம் கழித்து மிராசுதார், கடமையை முடித்த திருப்தியோடு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஆர்.ஐ. எழுந்து நின்று, "வாங்க. இருபது வருஷக் குத்தகைன்னு நீங்க சொன்னதை இப்பத்தான் எல்லாரும் கேட்டோம்" என்று டிவியைக் காட்டினார். அதில் மிராசுதார் பந்தியில் பாயசம் விசாரித்துக்கொண்டிருந்தார். நிஜ மிராசுதார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். பிறகு, சத்தியமாகப் புரியாமல், கேட்டார்: "ஏய்யா, நான் இருமுனது கேக்கலையா?"

அந்தக் கேள்விக்கு எழுந்த சிரிப்பில்தான் ஊரின் பயம் போயிற்று. சிரித்து முடித்த ஒருவர், "நெல்லு அளந்ததை நான் பாத்திருக்கேங்க" என்றார். பின்னாலேயே ஆறு பேர் சொன்னார்கள். மிராசுதாரும் வேறு வழியில்லாமல் குத்தகைதான் என்று கையெழுத்துப் போட்டார். மேசை தாழ்வு, நன்றாகவே குனிய வேண்டியிருந்தது. கலியமூர்த்தி பேர் பதிவாகிவிட்டது. மறுநாள் வயர்களைப் பிரித்துவிடப் போனேன். மிராசுதார் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் காப்பியோடு வந்து, "ஊரே பாத்துச்சாமே தம்பி, முந்தானை தெளிவா தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார்கள்.

இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டு டிவிக்குப் பின்னால் மண்டி போட்டதில் நான் சந்தேகமறக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: இருமல் வயரில் போகாது.